மூட்டையோடு நாலு வார்த்தை!

என் கணவருக்கு குஜராத் மாநிலம் வதோதராவுக்கு மாற்றல் வந்துள்ளது. "புளி, வடகம், இட்லித்தட்டு எடுத்து வச்சாச்சா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

முன்பு நாக்பூரில் இருந்தபோது, அவர் நைட் டூட்டி போன நேரம் குழந்தைக்குக் கடும் காய்ச்சல். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டு நின்றேன்.

அதனால் இந்த முறை, எங்கள் தெருவில் இருக்கும் குஜராத்தி அம்மாவிடம் தினம் பத்து வார்த்தை கற்கிறேன். காய்ச்சலுக்கு 'தாவ்'. உப்புக்கு 'மீட்டு'! இந்தியில் 'மீட்டா' என்றால் இனிப்பாச்சே! அரைகுறை இந்தி போதும்னு கிளம்பியிருந்தால் கடையிலேயே முழித்திருப்பேன்.

தோழியரே, வெளிமாநிலம் போகிறீர்களா? பாத்திர பண்டத்தோடு அந்த ஊர் வார்த்தை ஐம்பதையும் கட்டிக்கொள்ளுங்கள். ஆத்திர அவசரத்துக்கு இட்லித்தட்டு பேசாது!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.