சீப்புக்கு ஒரு பெட்டி



தேனி மாவட்டத் தோட்டங்களில் ஏற்றுமதிக்கென்று ஜி-9 வாழையை அறுவடை செய்யும் விதம் பார்க்கப் பார்க்க அலுக்காது. வெட்டிய தாரைத் தரையில் படவிடாமல் தோளில் தாங்கி வருகிறார்கள். சீப்புகளைப் பிரித்ததும், வடிகிற பால் தோலில் கறையாகிவிடாமல் இருக்க உடனே தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். பிறகு, துளையிட்ட அட்டைப்பெட்டியில் பாலிதீன் விரித்து, ஒரு சீப்பு இன்னொன்றை உரசாதபடி அடுக்குகிறார்கள். பெரும்பாலும் பெட்டிக்கு 13 கிலோ. கண்டெய்னரில் 13, 14 டிகிரி குளிர். அதைவிடக் குறைந்தால் தோல் சாம்பல் பூத்துப்போகும், காயும் ஒழுங்காகப் பழுக்காது.

வாழை பெட்டிக்குள் வந்ததே ஒரு நோயால்தான். 1950கள் வரை மத்திய அமெரிக்காவிலிருந்து கப்பலேறியது குரோ மிஷேல் ரகம். தோல் தடிமன் என்பதால் தார் தாராகவே அனுப்பினார்கள். பனாமா வாடல் நோய் அந்தத் தோட்டங்களை அழித்தபின், இன்றைய ஜி-9 சேர்ந்திருக்கும் கேவண்டிஷ் வகை வந்தது. அது லேசாக அடிபட்டாலே கறுத்துவிடும். அதனால் தோட்டத்திலேயே சீப்பாக்கிப் பெட்டியில் அடைக்கத் தொடங்கினார்கள். தண்டைச் சுமக்கும் கூலியும் மிச்சம், கடைக்காரர் பெட்டியைத் திறந்து அப்படியே பார்வைக்கு வைக்கவும் முடிந்தது.

பெட்டியில் ஒரு நுட்பம் உண்டு. அட்டையின் பலம் மூலைகளில் இருக்கிறது. மூலைக்கு மூலை பொருந்த அடுக்கினால் மேல்பாரத்தை அட்டை சுமக்கும். கொஞ்சம் விலகினாலும், மூடி பிதுங்கும் அளவுக்குத் திணித்தாலும், அந்தப் பாரத்தைப் பழம்தான் சுமக்க வேண்டும். காற்றுத் துளைகளும் ஒன்றோடொன்று சேராமல் போகும், உள்ளே புழுக்கம் ஏறும்.

நம் ஊர் மண்டிகளுக்கு வரும் பூவனையும் ரஸ்தாளியையும் நினைத்துப் பார்க்கிறேன். லாரியில் சருகு பரப்பி, தார்மேல் தாராக ஏற்றி வருகிறார்கள். பச்சைக்காயில் பட்ட அடி அன்றைக்குத் தெரியாது. பழுத்தபின் கறுப்பாக எட்டிப்பார்க்கும். நஷ்டம் கடைக்காரருக்கும், விலை குறைவதால் விவசாயிக்கும். கடல் தாண்டும் சீப்புக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது உள்ளூர்ச் சீப்புக்கும் காட்டலாம். திரும்பத் திரும்பப் பயன்படும் பிளாஸ்டிக் கிரேட்டில் சீப்பாக அனுப்பினாலே பெரும்பகுதி அடி குறையும். இதற்கு மண்டிக்காரர்களும் கூட்டுறவு அமைப்புகளும் முன்வர வேண்டும்.

கடைக்காரர்களே, சீப்புகளைக் குவியலாகப் போடாமல் ஒற்றை வரிசையாக வையுங்கள். வாங்க வரும் நாமும் பழத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டாம். நிறத்தையும் காம்பையும் பார்த்தே வாங்குவோம்.

அன்புடன்,
ஆசிரியர்