பக்திக்கு ரிடையர்மென்ட் வேண்டுமா?

"பொண்ணைக் கட்டிக் கொடுத்துட்டு, ரிடையர் ஆனதும் கோயில், தியானம்னு உட்கார்ந்துடுவேன்." இப்படிச் சொல்லாத நடுத்தர வயதுக்காரர் நம் ஊரில் அபூர்வம். கடமை தொலைந்தால்தான் மனம் கடவுள் பக்கம் திரும்புமாம். கேட்டால், குடும்பக் கடமை முடித்துக் காட்டுக்குப் போகும் வானப்பிரஸ்தத்தைச் சாட்சிக்கு இழுப்பார்கள்.

அந்தச் சாட்சியோடு மகாபாரதத்தின் வனபர்வத்தையும் கூண்டில் ஏற்ற வேண்டும். கௌசிகன் வேதம் படித்தவன். முறைத்தே கொக்கை எரித்தவன். பிச்சை கேட்டுப் போன வீட்டில், பசியோடு வந்த கணவனைக் கவனித்துவிட்டுத்தான் அவனிடம் வந்தாள் அந்த வீட்டுப் பெண். கோபத்தில் முறைத்தவனிடம், நான் கொக்கல்ல என்றாள். 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா' என்று கொங்கணவர் பெயரில் தமிழில் வழங்குவதும் இதே கதைதான். அவள் அவனை அனுப்பியது ஆசிரமத்துக்கு அல்ல, மிதிலையில் ஒரு கறிக்கடைக்கு. கடைக்காரர் தர்மவியாதர் தன் தாய் தந்தையைக் காட்டி, இவர்களே என் தெய்வம் என்கிறார். பெற்றோர் சம்மதமின்றிக் கிளம்பி வந்த கௌசிகனை வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்.

கடைச் சத்தத்தில் தியானம் வருமா என்று கேட்பவர்கள் திருநின்றவூர்ப் பூசலாரைப் பார்க்கட்டும். காசில்லாததால் மனதுக்குள் கோயில் கட்டினார் என்று ஒரே வரியில் அவரைக் கடந்துவிடுகிறோம். பெரியபுராணத்தில் சேக்கிழார் அப்படிக் கடக்கவில்லை. பொருள் சேர்ப்பது, தச்சரைத் தேடுவது, நாள் பார்த்து அடித்தளம் இடுவது, ஆகம முறைப்படி விமானம் எழுப்புவது, சுதை வேலை, கிணறு, மதில், குளம் என்று ஒன்றையும் பூசலார் விடவில்லை. காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கையே தள்ளிவைக்கச் சொல்லி இறைவன் கனவில் வரும் அளவுக்கு அந்த வேலை பக்காவாக இருந்தது. நூல் கொடுத்த அளவைக் கற்பனை பிடித்துக்கொண்டது. இதைப் பகற்கனவு என்று சொன்னால் எந்தக் கொத்தனாரும் சிரிப்பார்.

பேருந்தில் நிற்கிறபோதே மனதில் ஒரு தூணை நிறுத்தலாம். அதற்கு அடுப்பை அணைக்க வேண்டாம், ராஜினாமாவும் வேண்டாம். சிவத்தொண்டர் 63 பேரில் குயவர், வண்ணார், மீன்பிடிப்பவர் எல்லாம் உண்டு. தொழிலை முடித்துக்கொண்டு அவர்கள் தொண்டுக்கு வரவில்லை. தமிழக அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60. அதுவரை பழகாத மனதோடு மறுநாள் காலை கண்ணை மூடினால் அரியர்ஸ் கணக்குத்தான் ஓடும்.

இன்னொரு கோபமும் எனக்கு உண்டு. 'பிறகு பார்க்கலாம்' என்பது ஆண்களின் ஏற்பாடு. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டும் மருமகளுக்கு ரிடையர் ஆகும் தேதியே கிடையாது. இந்த நம்பிக்கைப்படி அவளுக்குக் கடவுள் எந்த வருஷம் கிடைப்பார்?