நாலு மணித் தேத்தண்ணியின் பெறுமதி

பிற்பகல் தேநீர் மிதமிஞ்சிப் புகழப்பட்ட ஒரு சுகமா? கொழும்பிலும் நுவரெலியாவிலும் உள்ள பழைய ஹோட்டல்களின் மூன்றடுக்குத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால், ஆம் என்றே சொல்வோம். வேலணையிலோ நெடுந்தீவிலோ ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து கேட்டால், அதன் பெறுமதியை நாம் இன்னும் கணக்குப் பார்த்து முடிக்கவில்லை என்போம். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு இந்தத் தலையங்கத்தை ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்கு வெளியாட்கள் கூடுதலாக வரத் தொடங்கிவிட்டார்கள். வருபவர்களுக்கு எதைக் கொடுத்து உபசரிப்பது, எதை எங்களுடையது என்று காட்டுவது என்ற பேச்சும் சேர்ந்தே வந்திருக்கிறது. கொழும்பு ஹோட்டலைப் பார்த்து எழுதிய பட்டியலை இங்கேயும் மேசையில் வைத்துவிட வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

மூன்றடுக்குத் தட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1840களில் இங்கிலாந்துப் பிரபுக்களின் இராச்சாப்பாடு எட்டு மணிவரை பிந்திப்போயிற்று. இடையில் வந்த பசிக்குப் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா தேநீரும் பாணும் வெண்ணெயும் தன் அறைக்கு எடுப்பித்தார், தோழிகள் வந்து சேர்ந்தார்கள், அதுவே வழக்கமாயிற்று என்பார்கள். இலங்கையில் ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. அதன்பின் மலைகள் முழுவதும் தேயிலையாயின. 1864 இல் எழுந்த காலிமுக ஹோட்டலின் கடலோர விறாந்தையில் பிற்பகல் தேநீர் இன்றும் ஒரு பெரிய விசேஷம். அங்கே காசு கொடுத்து வாங்குவது வெள்ளைக்காரத் துரைமார் இருந்த கதிரையில் ஒரு மணித்தியாலம் இருக்கும் உரிமையை. அந்தச் சுகத்துக்கு அவ்வளவு விலை கிடையாது.

தீவுகளில் தேத்தண்ணி கிணற்றடியில் தொடங்குகிறது. எங்கள் நிலம் சுண்ணக்கல். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத்தண்ணியின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அளவாக அள்ளினால் அது நல்லதண்ணி. இயந்திரம் வைத்து இறைத்தால் கீழேயிருக்கும் உவர் மேலேறிவிடும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு திரும்பி இனிக்கப் பல மாரிகள் வேண்டும். அதனால்தான் வேலணையில் சாட்டிக் கிணறுகளும், நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகளும் ஊருக்கு ஊர் பெயர் சொல்லிப் பேசப்படுகின்றன. கோடையில் பவுசர் வரும் நாளைப் பார்த்து வாளிகளும் கலன்களும் வேலியோரம் வரிசையாகும். குளிக்க ஒரு தண்ணி, உடுப்புத் தோய்க்க ஒரு தண்ணி, குடிக்க ஒரு தண்ணி என்று மூன்றாகப் பிரித்து வாழப் பழகியவர்கள் நாங்கள். மூடிய குடத்திலுள்ள அந்த மூன்றாவது தண்ணியில்தான் தேத்தண்ணி ஊற்றப்படும்.

தண்ணி எப்படிப்பட்டது என்பதைக் கோப்பையே காட்டிக்கொடுத்துவிடும். சுண்ணாம்பு கூடிய கிணற்றுத் தண்ணியைக் கொதிக்கவைத்துச் சாயம் ஊற்றிப் பாருங்கள். நிறம் சிவந்து துலங்காது, கறுத்து மங்கிக் கிடக்கும். இரண்டு நிமிடத்தில் மேலே மெல்லிய ஆடை படரும். கரண்டி பட்டதும் அது உடைந்து துண்டு துண்டாக ஓடும், கோப்பையின் விளிம்பில் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொள்ளும். கேத்திலின் அடியில் வெள்ளைக் கட்டி சேர்ந்து, கவிழ்த்துத் தட்டினால் செதில் செதிலாக விழும். நல்லதண்ணியில் போட்ட அதே தூள் செம்பருத்தி நிறத்தில் தெளிந்து நிற்கும். தேயிலை ஒன்றுதான், கடையும் ஒன்றுதான். வேறுபாடு முழுவதும் தண்ணியில் இருக்கிறது. ஆகவே வீட்டுக்கு வந்தவரிடம், ‘வந்தனீங்கள், ஒருவாய் தேத்தண்ணி குடியாமல் போறதே?’ என்று ஒரு தீவுக்காரி கேட்கும்போது, வீட்டில் எண்ணி எடுத்து வைத்திருந்ததில் ஒரு பங்கைத் தருகிறாள். மலிவான உபசாரம் என்று அதை யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஆனால் அந்தக் குடமும் அந்தக் கோப்பையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் தேத்தண்ணியைப் புகழ்வது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்தில் நல்லதண்ணிக் கிணற்றின் கயிற்றைத் தொட ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு உரிமை இருக்கவில்லை. யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்து நின்றார்கள். தேத்தண்ணிக் கடைக்குள் வாங்கில் இருக்கவும் அவர்களுக்கு இடமில்லை. சோடாப் போத்தலிலும் தகரப் பேணியிலும் சிரட்டையிலும் வெளியே நின்று வாங்கிக் குடித்தார்கள். அதே காசு, அதே சாயம், வேறு பாத்திரம். தீவுகளும் இதற்கு விலக்கல்ல.

இதை மாற்ற ஒரு தலைமுறை போராடியது. 1950களில் ஒடுக்கப்பட்ட மக்களின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசத்தை நடத்தியது. 1957 இல் தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வந்தும் கிராமத்துக் கடைகளில் போத்தல்கள் தொங்கின. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் தடியடிக்குப் பின்னும் அது நிற்கவில்லை. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அமைந்தது. சங்கானை முதலான இடங்களில் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்து ஒரு கோப்பை கேட்பதே போராட்டமாயிற்று. அதற்காக அடி விழுந்தது, வீடுகள் எரிந்தன, உயிர்களும் போயின. கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலில் இந்தக் காலத்தையே எழுதினார். அதே 1966 இல்தான் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் இருந்தபடியே ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். ‘மல்லிகை’ என்ற சிற்றிதழும் சமமான கோப்பைக்கான போராட்டமும் ஒரே காலத்தில் எழுந்தவை. எங்களைப் போன்ற ஒரு சிற்றிதழ் தேத்தண்ணியைப் பற்றி எழுதுவது அதனால் பொருத்தமே.

பிற்பகல் தேநீரைச் சின்ன விஷயம் என்பவர்களிடம் இந்த வரலாற்றைத்தான் வைக்கிறோம். வாங்கில் பக்கத்தில் இருந்து, ஒரே மாதிரிக் கோப்பையில் குடிப்பதற்கு மனிதர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கும் பிற்பகலை நினைத்துப் பாருங்கள். ஆசிரியை, மீன் வியாபாரி, நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுத் திரும்பும் குடும்பம், சீமெந்துப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்து எழும்பிய கூலியாள், எல்லோரும் ஒரே கடையில் ஒரே கண்ணாடிக் குவளையில் பிளேன்ரீ குடிக்கிறார்கள். ஒருவர் குடித்து வைத்த குவளை கழுவப்பட்டு மற்றவரிடம் போகிறது. சாதாரணமாகத் தோன்றும் இந்தக் காட்சி அறுபது ஆண்டுகளுக்கு முன் சாதாரணமாக இருக்கவில்லை. எந்த ஹோட்டல் விருந்தும் இந்த வாங்குக்கு ஈடாகாது.

இனி இலைக்கு வருவோம். ஒரு நாட்சம்பளத்துக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்பது பல தோட்டங்களில் உள்ள கணக்கு. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. ஆக ஒருத்தியின் ஒரு நாள் பறிப்பு நாலு கிலோத் தூள். கோப்பைக்கு இரண்டு கிராம் என்றால் அது இரண்டாயிரம் கோப்பை. பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 2021 இல்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. கோப்பைக்கு ஐம்பது சதம். அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்து, 2022 மார்ச்சில் ஒரு கோப்பைப் பால்தேத்தண்ணி நூறு ரூபாயானபோதும் கொழுந்து பறித்தவளுக்குச் சேர்ந்தது அதே ஐம்பது சதந்தான். இதற்குப் பிறகு நாட்சம்பளம் உயர்ந்தபோதும், அந்தக் கோப்பையில் அவளுடைய பங்கு சதக் கணக்கைத் தாண்டவில்லை.

தீவார் இதில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். புங்குடுதீவாரும் வேலணையாரும் காரைநகராரும் தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் கடை வைத்துப் பிழைத்தவர்கள். தோட்டத்து லயங்களுக்கு அரிசியும் சுருட்டும் விற்ற காசில் இங்கே கல்வீடுகள் எழுந்தன, கோயில்களில் திருவிழாக்கள் நடந்தன. யாழ்ப்பாணத்து வசதியான வீடுகளில் நாலு மணிக்குத் தேத்தண்ணி போட்டுக்கொடுக்க மலையகத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து வேலைக்கு வைத்த காலமும் இருந்தது. கொழுந்து பறித்த கையின் பிள்ளையே அடுப்படியில் சாயமும் வடித்தது. 2023 இல், மலையகத் தமிழர் இங்கே வந்து இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்களுடைய முன்னோர் நடந்த வழியில் மக்கள் மீண்டும் நடந்தார்கள். அந்த நடைக்கு வடக்கு நன்றியோடு எழுந்து நின்றிருக்க வேண்டும். இந்த நன்றிக்கடனை நினையாமல் குடிக்கும் தேத்தண்ணிக்கு எந்தப் புகழ்ச்சியும் கூடுதலே.

சொந்த வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. காலையில் கடலால் வந்த வலையைப் பூவரச மரத்தடியில் போட்டுப் பொத்திக்கொண்டிருக்கும் ஆண்களுக்கு நாலு மணிக்குத் தேத்தண்ணி வரும். கூடவே வாய்ப்பனோ, புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டுமோ, அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலுமோ வரும். அடுப்பு மூட்டுவதும், குடத்தில் மிச்சத்தை அளப்பதும், வடிப்பதும், ஆற்றுவதும், பிறகு பேணி கழுவுவதும் பெண்களின் வேலை. மத்தியானம் சாப்பாடு முடித்து அவள் சற்றுத் தலைசாய்க்கும் நேரமும் அதே நேரம்தான். எல்லோருக்கும் ஊற்றியபின் அடியில் தங்கும் ஆறின சாயம் அவளுடைய பங்கு. ஓய்வுக்கென்று பெயர்பெற்ற ஒரு வேளை, வீட்டில் ஒருத்திக்கு மட்டும் வேலையாக இருப்பது சரியல்ல. ஆண்கள் கேத்திலை ஏற்றப் பழகட்டும்.

தேயிலையே வெள்ளைக்காரன் பழக்கிய பழக்கம், எங்கள் முன்னோர் கூழும் மோரும் மல்லிக் கோப்பியும் குடித்தார்கள், அதற்குத் திரும்பினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. மல்லிக் கோப்பியை நாங்களும் விரும்புகிறோம். ஆனால் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு பொருளை எங்களுடையதல்ல என்று தள்ளிவிட முடியாது. 1990களில் வடக்கின் மேல் இருந்த பொருளாதாரத் தடையில் சீனி கிடையாதபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுஞ்சாயம் குடித்தோம். கிடைத்த கொஞ்சச் சீனியை உள்ளங்கையில் வைத்து நாவால் தொட்டுத் தொட்டு ஒரு பேணியை முடித்தோம். இடம்பெயர்ந்து போன வீடுகளிலெல்லாம் முதலில் நீட்டப்பட்டது தேத்தண்ணி. சாவீட்டிலும் அதுவே முதலில் வருகிறது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கத்தை எங்கள் துன்பமும் போராட்டமும் எங்களுடையதாக்கிவிட்டன.

எனவே வருபவர்களை இந்தத் தேத்தண்ணியோடே வரவேற்போம். நெடுந்தீவு ஆட்டுப்பாலும் குட்டானில் வந்த பனங்கட்டியும் எங்களிடம் இருக்கின்றன. அவற்றைத் தருபவர்களுக்கு நியாயமான விலை கொடுப்போம். விருந்தினர் விடுதிகளின் குளியலறைக்கு இயந்திரம் வைத்து இறைப்பதற்கு முன், அயலிலுள்ள குடிகிணறு தாங்குமா என்று பிரதேச சபைகள் அளந்து பார்க்க வேண்டும். தாளையடியில் 2024 இல் திறந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் யாழ்ப்பாணத்துக்கு நல்ல செய்தி. கடல் கடந்த நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் வருடம் முழுவதும் குடிதண்ணி உறுதியாகும்வரை அது பாதிச் செய்தியே. எங்கள் வாசகசாலைகளில் மலையக எழுத்தாளர்களை அழைத்துப் பேசவைப்போம், அவர்களுடைய சம்பளக் கோரிக்கைக்கு வடக்கிலிருந்து கையெழுத்து வைப்போம். ஊரில் எந்த வீட்டிலாவது, எந்தக் கோயில் மடத்திலாவது இன்னும் ஒரு பேணி தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தால், அதை இன்றே எடுத்து எறிவோம்.

தண்ணிக்கும் இலைக்கும் ஊற்றிய கைக்கும் உரியதைக் கொடுத்து, எல்லோரும் ஒரே வாங்கில் இருந்து குடிக்கும் தேத்தண்ணியை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். அந்த நாலில் ஒன்று குறைந்தாலும் எங்கள் நாலு மணித் தேத்தண்ணியும் மூன்றடுக்குத் தட்டைப் போன்ற வெறும் ஆடம்பரமாகிவிடும்.