கடைக் கணினியும் திறந்த மூல மென்பொருளும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. கடையின் மூலையில் வருடக்கணக்காக பில் அடித்துத் தந்த கணினிக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. ஆயினும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலி உள்ள இயந்திரங்களை, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 உத்தியோகபூர்வமாக ஏற்பதில்லை. "புதிதாக ஒன்றை வாங்குங்கள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதைப் பார்த்த வியாபாரிக்கு இந்த ஆலோசனை அவ்வளவு இலகுவாக இறங்காது.

நம்மில் பலர் நீண்ட காலமாகக் கையாளும் வழி வேறு: உடைத்த பிரதியைப் போட்டுக்கொள்வது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது. நமது கடைப் பெயரை அடுத்த தெருவில் ஒருவர் பலகையில் எழுதினால் சண்டைக்குப் போகும் நாம், பிறர் உழைப்பை இப்படி எடுப்பதைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. பூட்டை உடைத்துத் தரும் அந்தச் சிறு நிரலோடு வைரசும் சேர்ந்து வருவது தனிக்கதை.

இந்த இரண்டுக்கும் வெளியே, சட்டப்படி செலவில்லாமல் பெறக்கூடியதுதான் லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருள். அதன் மூல நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கருவே இன்று அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்குள்ளும் இருக்கிறது. இது வெள்ளைக்காரர்களின் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2004 சுனாமியின்போது காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய 'சஹானா' திறந்த மூல மென்பொருள்தான். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் அது பயன்பட்டது.

இலவசம் என்பதைவிட முக்கியமான ஒன்றை இங்கு சொல்ல விரும்புகிறேன். கணினியில் நாம் அதிகம் புழங்குவது பைல் மெனேஜர் எனப்படும் கோப்பு முகாமை மென்பொருளில். பில் எங்கே, போன வருட வற் கணக்கு எங்கே, கொடுக்கல் வாங்கல் பட்டியல் எங்கே என்று தேடுவதெல்லாம் அதற்குள்தான். லினக்ஸ் உலகில் பிரபலமான நோட்டிலஸ் என்ற பைல் மெனேஜரை உருவாக்கியது ஈசல் என்ற அமெரிக்க நிறுவனம். அப்பிள் மெக்கின்டோஷை உருவாக்கிய குழுவில் இருந்த அன்டி ஹேர்ட்ஸ்பெல்டும் அங்கு பணியாற்றினார். 1999இல் தொடங்கிய நிறுவனம் 2001இல் மூடப்பட்டது. ஆனால் நிரல் திறந்ததாக இருந்ததால் க்னோம் திட்டத்தினர் அதைத் தொடர்ந்து வளர்த்தார்கள். 'பைல்ஸ்' என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. கம்பனி முறிந்தும் பொருள் முறியவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. 2012இல் க்னோம் குழுவினர், இரண்டு கோப்புறைகளை அருகருகே திறந்து வைக்கும் வசதி உட்படச் சிலவற்றை நீக்கினார்கள். பலருக்குப் பிடிக்கவில்லை. லினக்ஸ் மின்ட் குழுவினர் நீக்கப்படுவதற்கு முந்திய நிரலை எடுத்து, நீமோ என்ற பெயரில் தனியாக வளர்த்தார்கள். மின்ட்டின் சினமன் பதிப்பில் எப்3 விசையை அழுத்தினால் திரை இரண்டாகப் பிரியும் அந்த வசதி இன்றும் உண்டு. ஒரு பக்கம் கணினி, மறுபக்கம் பென் டிரைவ் என்று வைத்து மாதக் கணக்கைப் பிரதியெடுப்பவருக்கு இதன் அருமை புரியும். வேறு கம்பனிகள் வசதியை நீக்கினால் நாம் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

கற்றுக்கொள்வது கடினமா? ஒரு வாரம் கை தடுமாறும். சி டிரைவ், டி டிரைவ் என்பவை அங்கில்லை. எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள், உங்கள் கோப்புகள் 'ஹோம்' கோப்புறைக்குள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கும் பெயரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளாகக் கொள்ளப்படும். பென் டிரைவை 'இஜெக்ட்' செய்யாமல் பிடுங்காதீர்கள். எழுதி முடிந்ததாகத் திரை காட்டிய பின்னும் பின்னணியில் எழுதுதல் நடந்துகொண்டிருக்கலாம்.

எல்லோரும் நாளைக்கே மாறுங்கள் என்று எழுதமாட்டேன். பார்கோட் பில்லிங் அல்லது கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் இயங்குமானால் அந்த இயந்திரத்தைத் தொடாதீர்கள். இன்றிருக்கும் விண்டோஸிலேயே லிப்ரே ஒபிஸைப் போட்டு விலைப்பட்டியல் தயாரித்துப் பாருங்கள். பிறகு லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பழகலாம். அதற்கு முன் கணக்குகளின் ஒரு பிரதி கணினிக்கு வெளியே இருக்கட்டும்.

இதைக் கெஷியர் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு முதலாளி ஒதுங்குவதுதான் எனக்கு உடன்பாடில்லாத விடயம். அந்தத் தம்பி கட்டாருக்குப் போகும் நாளில், யார் எவ்வளவு தரவேண்டும் என்ற பட்டியல் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று கடையில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரைப் பக்கத்தில் இருத்தி, கோப்புறைகளை வருடவாரியாகப் பிரித்து நீங்களே பெயரிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கடிதங்கள் புதிய கணினியில் புரியாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கோப்பு கெடவில்லை. எழுத்துருக் கோப்பைப் பிரதியெடுத்து வந்து, பைல் மெனேஜரில் அதை இரட்டைச் சொடுக்குச் செய்து நிறுவினால் தமிழ் மீண்டும் தெரியும்.