பழைய கம்ப்யூட்டரைப் பரணில் ஏற்றாதீர்கள், பறக்க விடுங்கள்!

பழைய கம்ப்யூட்டரில் பழைய ஃப்ளைட் சிமுலேட்டர் ஒன்றை ஓட்டப் பார்க்கிறேன், திக்கித் திணறுகிறது, என்ன செய்யலாம் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். இரண்டே பதில்தான் வரும். கடையில் கேட்டால், "இதோட காலம் முடிஞ்சிருச்சு தம்பி, புதுசா எடுத்துடுங்க." கிளாஸில் கேட்டால், "நல்ல கிராபிக்ஸ் கார்டா ஒண்ணு வாங்கிப் போடு மச்சி." முதல் பதில் பர்ஸுக்குக் கேடு. இரண்டாவது பதில் பல சமயம் பர்ஸுக்கும் கேடு, பிரயோஜனமும் இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்தருள்க :-)

முதலில் இந்தக் 'காலம் முடிஞ்சிருச்சு' விஷயம். காமர்ஸ் படிக்கிற நாமே இந்த வார்த்தைக்கு மயங்கினால் மற்றவர்களை என்ன சொல்வது? கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணையில் டெஸ்க்டாப், லேப்டாப்புக்குக் கொடுத்திருக்கும் ஆயுள் 3 வருடம். வருமான வரிக்குப் படித்த தேய்மானமோ, குறைந்து செல் மதிப்பு முறையில் வருடத்துக்கு 40 சதவீதம். 40,000 ரூபாய்க்கு வாங்கிய மெஷின் பத்து வருடத்தில் புத்தகத்தில் எவ்வளவு நிற்கும் தெரியுமா? சுமார் 242 ரூபாய். ஒரு சினிமா டிக்கெட், ஒரு பாப்கார்ன் காசு.

ஆனால் அந்த 242 ரூபாய் புத்தகத்தின் கணக்கு. மெஷினின் கணக்கு அல்ல. தேய்மானம் என்பது செலவை வருடங்களுக்குப் பிரித்துப் போடும் ஏற்பாடு. பிராசசருக்கு அந்த அட்டவணையைப் படிக்கத் தெரியாது. 2011-ல் நொடிக்கு எவ்வளவு வேலை செய்ததோ அதே வேலையைத்தான் இன்றும் செய்யும். பிறகு ஏன் ஸ்லோ? நாம் கொடுக்கும் வேலை பெரிதாகிவிட்டது. பழைய வேலையையே கொடுத்தால்? இங்கேதான் பழைய சிமுலேட்டர் வருகிறது.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004 வந்தது 2003-ல். அது கேட்டது 450 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், எக்ஸ்பி என்றால் 128 எம்பி ரேம், 1.8 ஜிபி இடம். அவ்வளவுதான். 2006 அக்டோபரில் எப்எஸ்எக்ஸ் வந்தது. பெட்டியில் போட்டிருந்த குறைந்தபட்சத் தேவை 1 கிகாஹெர்ட்ஸ், 256 எம்பி ரேம், 14 ஜிபி இடம். பெட்டியில் போட்டதை நம்பி ஓட்டியவர்கள் நொந்துபோனார்கள் என்பது வேறு கதை. அன்றைய டாப் மெஷினிலேயே எல்லா ஸ்லைடரையும் வலது கோடிக்குத் தள்ள முடியவில்லை.

காரணம் சுவாரசியமானது. எப்எஸ்எக்ஸின் பெரும்பாரம் பிராசசரின் ஒரே ஒரு கோர் மேல் விழும். பிராசசர் வேகம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்த புரோகிராம் அது. ஆனால் 2004-ல் பென்டியம் 4 சிப் 3.8 கிகாஹெர்ட்ஸில் நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ இன்டெல் அந்த வருடமே கைவிட்டது. வேகத்தை ஏற்றுவதை விட்டுக் கோர்களை ஏற்ற ஆரம்பித்தார்கள். 2007-ல் வந்த முதல் சர்வீஸ் பேக் டெக்ஸ்சர் ஏற்றும் வேலையை மற்ற கோர்களுக்கும் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தது. மூல பாரம் மட்டும் முதல் கோர் தலையிலேயே இருந்தது.

இப்போது கிளாஸ் நண்பரின் 'கிராபிக்ஸ் கார்டு போடு மச்சி'க்கு வாருங்கள். பாரம் பிராசசரில் இருக்கும்போது கார்டு போடுவது, கேஷ் கவுண்டரில் கூட்டம் நெரிகிறது என்று கடையில் இன்னொரு ஷோகேஸ் வைப்பது மாதிரி. இடுக்கு எங்கே என்று பார்க்காமல் செய்யும் செலவு எல்லாமே தண்டச் செலவு.

இடுக்கைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். விமானத்தை ஒரு பெரிய ஏர்போர்ட்டில் நிறுத்துங்கள். செட்டிங்கில் பிரேம் ரேட் வரம்பை எடுத்துவிடுங்கள். ஷிப்ட் கீயோடு இசட் கீயைத் தட்டிக்கொண்டே போனால் திரையில் பிரேம் ரேட் தெரியும். குறித்துக்கொள்ளுங்கள். இப்போது திரை ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். எண் நன்றாக ஏறினால் இடுக்கு கிராபிக்ஸில். அசையவே இல்லையா? பிராசசரில். அப்போது ஆட்டோஜென்னையும் டிராபிக்கையும் குறைத்துப் பாருங்கள், பைசா செலவில்லாமல் எண் ஏறும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பல ஆயிரம் ரூபாய்க்கு ஆலோசனை சொல்பவர்களை என்ன செய்வது?

அடுத்து கேபினெட்டைத் திறங்கள். பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் சாமி! விசிறியில் பஞ்சு மெத்தை தைக்கும் அளவுக்குத் தூசி இருக்கும். சூடானால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு பெயின்ட் பிரஷ், புதிதாகக் கொஞ்சம் தெர்மல் பேஸ்ட். இதைவிட மலிவான அப்கிரேடு உலகத்தில் கிடையாது.

சரி, காசு போட்டே ஆக வேண்டும் என்றால் எங்கே? நம் ஊர் வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் நிறையப் புழங்கிய ஒரு அசெம்பிள்டு பீஸை எடுத்துக்கொள்வோம். ஐ3-2120 பிராசசர், எச்61 போர்டு, ஒரே குச்சியாக 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

ஒன்று, சாட்டா எஸ்எஸ்டி. எச்61-ல் சாட்டாவின் பழைய வேகம்தான், எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது. பரவாயில்லை. ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிரேம் ரேட் பெரிதாக ஏறாது. லோடிங் நேரம் குறையும், நடுவானில் வரும் திக்கல் குறையும்.

இரண்டு, ரேம். 4 ஜிபி குச்சி இரண்டு, மொத்தம் 8. அதற்கு மேல் இந்த வேலைக்கு வேண்டாம். எப்எஸ்எக்ஸ் 32-பிட் புரோகிராம். 64-பிட் விண்டோஸிலும் அதால் 4 ஜிபிக்கு மேல் தொட முடியாது. '16 போட்டா பறக்கும் தம்பி' என்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மூன்று, அதே சாக்கெட்டில் உட்காரும் பழைய ஐ5-3470, செகண்ட் ஹேண்டில். நான்கு கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். போர்டின் பயாஸை முதலில் அப்டேட் செய்ய வேண்டியிருக்கலாம்.

நான்கு, சோதனையில் இடுக்கு கிராபிக்ஸில்தான் என்று தெரிந்தால் மட்டும் ஜிடி 1030 மாதிரி சின்ன கார்டு. 30 வாட்தான் தின்னும், எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டாம். உங்கள் போர்டிலேயே போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. 2017-ல் வந்த ஜிடிடிஆர்5 மாடலும், 2018-ல் வந்த டிடிஆர்4 மாடலும் ஒரே பெயரில் விற்கப்பட்டன. முதலாவதின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதில் 16.8. பெயர் ஒன்று, சரக்கு வேறு. பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டுக் காசை நீட்டுங்கள்.

"அதெல்லாம் சரி, புது சிமுலேட்டர் எவ்வளவு அழகு தெரியுமா?" தெரியும். 2020-ல் வந்தது 150 ஜிபி இடம் கேட்டது, உலகத்தையே நெட்டிலிருந்து இறக்கிக் காட்டியது. 2024-ல் வந்தது குறைந்தபட்சமே 16 ஜிபி ரேம் கேட்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கிராஸ் விண்டில் ரன்வேயைப் பிடிப்பது, விஓஆர் ஊசியைப் பின்தொடர்வது, வேகம் குறைந்தால் ஸ்டால் ஆவது எல்லாமே 2004-லும் இருக்கிறது. பறக்கக் கற்க மேகத்தின் நிழல் தத்ரூபமாக விழ வேண்டியதில்லை.

என் உண்மையான கோபம் கடைக்காரர் மேல் இல்லை, அவர் வியாபாரி. நன்றாக ஓடும் மெஷினைச் சாஃப்ட்வேரால் சாகடிக்கிறார்களே, அதன் மேல்தான். சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்பை நம்பி வந்த பழைய விளையாட்டுகளுக்கு விண்டோஸ் 10 கதவைச் சாத்தியது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004 சிடியும் அதில் மாட்டியது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ன் பட்டியலில் மேலே சொன்ன ஐ3 கிடையாது. மெஷின் கெடவில்லை, ஆனாலும் குப்பை என்று முத்திரை! நான் அதை ஏற்கப்போவதில்லை. நெட்டைத் துண்டித்துவிட்டு இந்த மெஷினில் பறங்கள். பேங்க் வேலையை வேறு மெஷினில் வைத்துக்கொள்ளுங்கள். எப்எஸ்எக்ஸ் 2014 டிசம்பரில் ஸ்டீமிலும் வந்தது, அதற்கு சிடித் தொல்லை இல்லை.

"நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி எங்கேயோ ஒளிந்திருக்கும். விட்டுக்கொடுத்த தள்ளுபடியிலோ, பிராசசிங் கட்டணத்திலோ. அதையும் கட்டப்போவது நம் அப்பாவின் சம்பளம்.

புதிது வாங்கவே கூடாது என்றா சொல்கிறேன்? இல்லை. வீடியோ எடிட்டிங், கேட் டிசைன் என்று அதில் சம்பாதிக்கப் போகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள், அது முதலீடு. மதர்போர்டே போய்விட்டதா, அந்தப் பழைய பீஸில் மேற்கொண்டு பணம் கொட்டாதீர்கள். ஏற்கெனவே போட்ட பணம் மூழ்கிய செலவு, அதைக் காரணம் காட்டி இன்னும் போடுவதும் அதே முட்டாள்தனம்தான். கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும்.

அடுத்த முறை யாராவது "காலம் முடிஞ்சிருச்சு, தூக்கிப் போடு" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தப் பார்ட் இடிக்குது?" பதில் தெரிந்தவரிடம் காசைக் கொடுங்கள். தெரியாதவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பிரஷ்ஷை எடுங்கள்.

டிஸ்கி: "காஸ்ட் அக்கவுன்டிங் பரீட்சைக்கு இது வருமா?" என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு: லிமிட்டிங் ஃபாக்டர் என்று ஒரு பாடம் இருக்கிறது. இவ்வளவு நேரம் படித்தது அதைத்தான் :-)