அடி குறைந்ததாலா அடிதடி?

பசறையானாலும் பண்டாரவளையானாலும், பாடசாலை விட்ட நேரத்தில் மாணவர்கள் மோதிக்கொண்டார்கள் என்ற செய்தி வந்தால் ஒரே தீர்ப்புத்தான் காதில் விழுகிறது: பிரம்பைப் பிடுங்கினார்கள், பிள்ளைகள் கெட்டுப்போனார்கள். பெற்றோரும் சொல்கிறார்கள், ஆசிரியர்களும் சொல்கிறார்கள். ஆனால் பிரம்பு பாடசாலையை விட்டுப் போனதே இல்லை. கல்வி அமைச்சு 2005-இல் ஒரு சுற்றறிக்கையும், பிறகு 12/2016 என்ற இலக்கத்தில் இன்னொன்றும் அனுப்பி உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது உண்மை. அதற்கு மறு ஆண்டே, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காகப் பேராசிரியர் பியஞ்ஜலி டி சொய்சா நடத்திய ஆய்வில், முந்தைய ஒரு தவணைக்குள் ஒரு தடவையாவது அத்தகைய தண்டனை பெற்றதாகச் சொன்ன மாணவர்கள் 80.4 சதவீதம். தடை காகிதத்தில் இருந்தது, அடி வகுப்பறையில் இருந்தது. எனவே அடி நின்றதால் வன்முறை வந்தது என்ற வாதத்துக்கு அடிப்படையே இல்லை. என் வாதம் இதற்கு நேர்மாறானது. ஊவாவின் பாடசாலைகளில் நாம் காணும் வன்முறை, பெரியவர்களிடமிருந்து பிள்ளைகள் கற்றுக்கொண்டது. அதிலும் அடியைவிட ஆழமாக அவர்களுக்குள் இறங்குவது அவமானம்.

அமெரிக்க ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும், ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி, ஏறக்குறைய 160,000 பிள்ளைகளைப் பற்றிய தரவுகளை 2016-இல் அலசினார்கள். வீட்டில் அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாகக் காணப்பட்டது. முரட்டுப் பிள்ளை என்பதால்தானே அடி விழுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பிள்ளையின் தொடக்க நிலைக் குணத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும், அடி விழ விழ முரட்டுத்தனம் ஏறுவதே தெரிந்தது. அடியே இல்லாமலும் அவமானம் விழும். காலைக் கூட்டத்தில் ஒழுக்காற்று ஆசிரியர் கத்தரிக்கோலோடு வந்து, முடி வளர்த்த பையனின் உச்சியில் ஒரு கொத்தை வெட்டிவிடுகிறார். காதோரம் ஒரு கொத்து, உச்சியில் ஒரு பள்ளம். அந்தத் தலையோடு பையன் எட்டுப் பாடவேளையும் உட்கார வேண்டும். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் பிள்ளைகள் முன்னால் குனிந்த அந்தத் தலை, இடைவேளையில் யாராவது சிரித்தால் எப்படி நிமிரும்? அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் நிமிரும். மாணவத் தலைவர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் காதைத் திருகுவதும் இதே பாடத்தின் தொடர்ச்சி.

2018 ஜனவரியில் பதுளையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மாணவியைச் சேர்க்கச் சொல்லி வந்த கடிதத்தை ஏற்காத தமிழ் மகளிர் மகா வித்தியாலய அதிபர், அப்போதைய ஊவா முதலமைச்சரின் இல்லத்துக்கு அழைக்கப்பட்டு, மண்டியிட வைக்கப்பட்டதாக முறையிட்டார். முதலமைச்சர் அதை மறுத்தார். ஆனாலும் மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது, கைதாகிப் பிணையிலும் வந்தார். நாடே கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். ஆனால் கட்டணம் கொண்டுவராத, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை வெயிலில் முழங்காலில் நிற்கும்போது அதே கொதிப்பு நமக்கு வருவதில்லை. அதிபருக்கு அவமானமென்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அவமானம்தான். தோட்டத்துப் பிள்ளைக்கு, மேலிருந்து கீழே அவமானம் இறங்கும் இந்தப் படிக்கட்டு பாடசாலைக்கு வெளியிலும் நீள்கிறது. கொழுந்தின் கிலோ குறைந்ததற்காகத் தாய்க்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழுந்து, மேலே ஏச்சும் விழுவதை அவன் பார்க்கிறான். அப்பன் மலையில் வாங்கிய ஏச்சு இரவில் லயத்துக்குள் அம்மா மீது இறங்குவதைப் பார்க்கிறான். டவுன் பாடசாலைக்குப் போனால் ‘தோட்டக்காட்டான்’ என்ற பெயர் காத்திருக்கிறது. அச்சில் போடவே கை கூசும் சொல் அது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனை மிதிக்கலாம் என்ற ஒன்றைத்தான் இத்தனை இடங்களிலும் அவன் படிக்கிறான்.

கைத்தொலைபேசியும் சினிமாவும் காரணமில்லையா? கதாநாயகன் அரிவாளோடு வருவதை நானும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதே படத்தைப் பெண் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அதே லயத்தில் வளர்கிறார்கள், அதே ஏச்சைக் கேட்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் கை ஓங்குவதில்லை. அழுகிறார்கள், பாடசாலையை விட்டு நிற்கிறார்கள், சிலர் தம்மையே காயப்படுத்திக்கொள்கிறார்கள். அவமானம் இருவருக்கும் ஒன்றுதான். அதைக் கையால் தீர்ப்பதுதான் ஆம்பிளைத்தனம் என்று பையனுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வறுமை, சாராயம், பாபுல், மாவா போன்ற போதைப் பொருட்கள் எல்லாம் எரியும் நெருப்பில் எண்ணெய் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வறுமையே காரணமென்று முடித்துவிட்டால், தோட்டத்துப் பிள்ளைகள்தான் முரடர்கள் என்ற பழியில் போய் நிற்கும். பெயர் பெற்ற நகரப் பாடசாலைகளின் மாணவர்கள் கிரிக்கெட் போட்டிக் காலத்தில் வீதியில் மோதிக்கொள்வதை நாடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ‘நாங்களும் அடி வாங்கித்தான் ஆளானோம்’ என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அடிக்குப் பயந்து ஐந்தாம் வகுப்போடு மலை வேலைக்குப் போனவர்கள் இந்தப் பேச்சில் கலந்துகொள்ள இங்கே இல்லை.

ஆசிரியர்களின் பக்கமும் பாரம் பெரிது. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு எடுக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களுக்கு மாதம் 6,000 ரூபாயும், போராடிய பிறகு 10,000 ரூபாயும் கொடுத்த நாடு இது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆளில்லாத இடத்தில், ஒருவரே இரண்டு வகுப்பைச் சமாளிக்கும்போது பிரம்பு கைக்கு எட்டிய சுலபமான வழியாகிவிடுகிறது. ஆகவே தடை உத்தரவோடு ஆசிரியர் நியமனமும், பிள்ளையோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த ஓர் ஆலோசனை ஆசிரியரும் சேர்ந்து வரவேண்டும். ஆனால் அது வரும்வரை அடிக்கலாம் என்று பொருளில்லை. மாத்தறை மாவட்டத்தில் ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆசிரியரும் அரசும் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் தாய்மாரும் தகப்பன்மாரும் கட்டடத்தையும் வர்ணப் பூச்சையும் பற்றிக் கேட்ட பிறகு, 12/2016 சுற்றறிக்கை தங்கள் பாடசாலையில் நடைமுறையில் இருக்கிறதா என்றும் எழுந்து கேட்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.