ஒரு கரண்டி இனிப்பு, ஒரு குவளை நீர்

விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்துப் போதித்தது நம் மார்க்கம். ஆயினும், விருந்து என்றதும் பிரியாணித் தேக்சாவும் அதற்காக வாங்கும் கடனும் நினைவுக்கு வருவது நம் காலத்து நோய். கருங்கடலோர நாடாகிய ருமேனியாவின் இல்லத்தரசிகளிடம் இதற்கு எளிய மாற்று ஒன்றுண்டு.

வருவோர்க்கு அவர்கள் சிறு தட்டில் ஒரு கரண்டி 'துல்சாத்ஸா'வும், ஒரு குவளை குளிர்ந்த நீரும் வைப்பது பழைய மரபு. புளிப்புச் செர்ரி, ரோஜா இதழ், முற்றாத அக்ரூட் முதலியவற்றைச் சர்க்கரைப் பாகில் குழையாமல் காய்ச்சிச் சாடியில் அடைத்த இனிப்பு அது. பாகு பூக்காதிருக்க எலுமிச்சைச் சாறு சேர்ப்பர். பிளம் பழத்தைச் சர்க்கரையின்றிப் பல மணி நேரம் சுண்டக் காய்ச்சுவது 'மஜூன்'. யூனானி மருத்துவத்தில் நாம் கேட்கும் 'மஃஜூன்' என்ற அரபுச் சொல்லே அது!

'கிஃப்தேலே' எனும் பொரித்த உருண்டையும் நமது கோஃப்தாவின் உறவே. கிறிஸ்தவர்களின் நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை ஆகாதென்பதால், உருளைக்கிழங்கையோ முட்டைக்கோஸையோ பூண்டும் மாவும் சேர்த்துப் பிசைந்து பொரிப்பர்.

இச்சொற்கள் துருக்கியர் வழியே அங்கு சென்றவை. 1878 வரை உதுமானியர் ஆட்சியிலிருந்த தொப்ருஜாப் பகுதியில் துருக்கிய, தாத்தாரிய முஸ்லிம்கள் இன்றும் வாழ்கின்றனர். கான்ஸ்தான்ஸா நகரின் பெரிய பள்ளிவாசல் 1913-இல் திறக்கப்பட்டது.

மருத்துவம் பயில அந்நாடு செல்லும் நம் பிள்ளைகள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பன்றி இறைச்சியும் அதன் கொழுப்பும் அங்கு மிகுதியாகப் புழங்குபவை. நோன்பு உணவில் இறைச்சியில்லை என்பதாலேயே அது ஹலாலாகிவிடாது. மது சேர்ந்துள்ளதா, எந்த எண்ணெயில் பொரித்தது எனக் கேட்டறிவது கடமை. கேட்பதில் வெட்கமில்லை.

1980-களில் வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக அந்நாட்டு அரசு உணவுப் பொருள்களை ஏற்றுமதி செய்து, மக்களுக்குப் பங்கீட்டில் அளந்து கொடுத்தது. அத்தகைய நாட்களில், கோடையில் நிரப்பிய சாடிகளே குளிர்காலத்தில் குடும்பங்களுக்குக் கைகொடுத்தன.

சகோதரிகளே! மாங்காயும் நெல்லியும் மலிந்து கிடக்கும் பருவத்தில் நாமும் இரண்டு சாடி நிரப்பி வைக்கலாமன்றோ? வீண்விரயம் குறையும், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் நிலையும் நேராது. விருந்தின் அளவைப் பார்ப்பவர் மனிதர். நிய்யத்தைப் பார்ப்பவன் அல்லாஹ். அவன் நம் இல்லங்களில் பரக்கத்தைப் பொழிவானாக! ஆமீன்.